ரஸ்பெரி பை 4 + லிப்ரீலெக்: ஹார்ட் டிஸ்க் செருகினால் திரை கறுக்குது, கல்யாண வீடியோ தடக்கித் தடக்கி ஓடுது

உப்புவெளிக்காரன்:
வணக்கம். இடம் திருகோணமலை, கடலுக்குக் கிட்டத்து வீடு. ரஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி (4 ஜிபி), அதில் படம் பார்க்கிற ஓஎஸ் லிப்ரீலெக் 12, 32 ஜிபி மைக்ரோ எஸ்டி, 43 இஞ்சி 4கே ரீவி. கரண்ட் குடுக்கிறது 33 வோட் (வாட்) போன் சார்ஜர், கடையில் தனியா வாங்கின 1.5 மீற்றர் டைப்-சி வயர்.

டிஸ்க் இல்லாமல் எல்லாம் ஓடுது. 2.5 இஞ்சி 2 டெராபைட் டிஸ்கைச் செருகிப் படம் போட்டால் கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து, பை தானா ரீஸ்டார்ட் ஆகுது. வோல்ட் குறைஞ்சால் திரையில் வாற மின்னல் குறி வரவேயில்லை, அதால கரண்ட் பிரச்சினை இல்லையென்று நினைக்கிறேன். 4கே படம் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடுது, ஆனால் 4கே கல்யாண வீடியோ தடக்குது. ரீவி ரிமோட்டும் வேலை செய்யுதில்லை. ஓஎஸ்ஸைத் திரும்பப் போடவா?

பழுதுமேசை:
போடாதீங்கோ. ஓஎஸ்ஸில் பிழையில்லை.

முதல் விஷயம், மின்னல் குறியை நம்பாதீங்கோ. அதைத் திரையில் வரைந்தது பையின் ஃபேர்ம்வேர் (அடிப்படை மென்பொருள்). இப்ப திரை முழுக்க கேஎம்எஸ் என்ற லினக்ஸ் டிரைவரின் கையில், ஃபேர்ம்வேருக்கு வரைய இடமில்லை. குறி வரவில்லை என்பதால் வோல்ட் சரி என்றாகாது. போர்டில் இருக்கிற சிவப்பு லைற்றைப் பாருங்கோ. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது அணையும். படம் ஓடும்போது அது கண் சிமிட்டினால் ஆள் பிடிபட்டான்.

எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் லிப்ரீலெக் செற்றிங்ஸ், சேர்விசஸ் போய் எஸ்எஸ்எச்சை (கணினியிலிருந்து பைக்குள்ளே போய்க் கட்டளை குடுக்கிற வழி) ஓன் பண்ணுங்கோ. பெயர் ரூட். பாஸ்வேர்ட் மாற்றாவிட்டால் லிப்ரீலெக், எல்லாம் சின்ன எழுத்து. உள்ளே விசிஜென்சிஎம்டியின் கெட்-த்ரொட்டில்ட் (vcgencmd get_throttled) கட்டளையைக் குடுத்தால் ஒரு எண் வரும். 0 என்றால் சுத்தம். 50000 என்றால் பூட் ஆனபிறகு எப்பவோ வோல்ட் விழுந்து வேகமும் குறைஞ்சிருக்கு. 50005 என்றால் இந்த நிமிஷமும் விழுந்துகொண்டிருக்கு.

உப்புவெளிக்காரன்:
டிஸ்கோட 50005. சிவப்பு லைற் படபடவென்று அடிக்குது. ஆனால் சார்ஜர் 33 வோட் அண்ணா, பைக்கு 15 வோட் தானே வேணும்?

பழுதுமேசை:
33 வோட் அந்தச் சார்ஜர் தன்ர போனோட பேசி வோல்ட்டை ஏத்தினபிறகு வாற கணக்கு. பை 4 அப்படிப் பேசாது, 5 வோல்ட் மட்டும்தான் எடுக்கும். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 5 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று இருக்கும், அந்த வரியை வாசியுங்கோ. கன சார்ஜரில் அது 2 தான். பையின் சொந்த சப்ளை 5.1 வோல்ட், 3 அம்பியர்.

அதைவிட வயர்தான் பெரிய கள்ளன். மலிவு வயருக்குள்ளே கரண்ட் போற கம்பி மெல்லிசான 28 கேஜ். மீற்றருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். 1.5 மீற்றர் போய் வர 3 மீற்றர், ஆக 0.64 ஓம். 1 அம்பியர் இழுத்தாலே 0.64 வோல்ட் வயரிலேயே போயிடும். 5.1இல் தொடங்கினாலும் பைக்கு வாறது 4.46. தடிப்பான 20 கேஜ் வயர் என்றால் அதே தூரத்துக்கு 0.1 வோல்ட்தான் இழப்பு. டிஸ்க் சுழலத் தொடங்கும்போது தனியா 1 அம்பியர் வரை கேட்கும். பையின் நாலு யூஎஸ்பி துவாரமும் சேர்த்துக் குடுக்கக்கூடியது 1.2 அம்பியர். அதனால்தான் டிஸ்க் இல்லாமல் ஓடுது.

மல்டிமீற்றர் இருந்தால் வோல்ட்டை அளந்து பாருங்கோ. கறுப்பு முனையை யூஎஸ்பி துவாரத்தின் வெளி இரும்பில், சிவப்பு முனையை 40 பின்னில் 2ஆவது பின்னில். எஸ்டி கார்ட் பக்கம், போர்டின் ஓரத்து வரிசையில் முதலாவது அது. கை நடுங்கினால் வேண்டாம், பக்கத்துப் பின்னோடு தொட்டால் போர்டே போயிடும்.

கின்னியா நானா:
பழுதுமேசை சொன்னது சரி. சப்ளையை மாத்தினாலும் டிஸ்கைப் பையில நேரா போடாம, தனி அடப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பில போடுங்க தம்பி. ஹப் வாங்கினதும் ஒரு சோதனை: பையின் டைப்-சி வயரை மட்டும் கழட்டுங்க. சிவப்பு லைற் அணையாட்டி அந்த ஹப் பின்பக்கமா பைக்கு கரண்ட் ஊட்டுது. அது கூடாது, கடையில திருப்பிக் குடுத்துடுங்க.

ரிமோட்டுக்கு: பையில ரெண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ இருக்கு. டைப்-சிக்கு ஒட்டினது 0, அதுலதான் போடணும். பிறகு ரீவி மெனுவில சிஇசியை (ரீவி ரிமோட்டால பையையும் இயக்குற வசதி) ஓன் பண்ணுங்க. சம்சுங்கில எனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்ப்லிங்க், சொனியில பிராவியா சிங்க் என்று இருக்கும். ரீவியை பிளக்கோட ஒருக்கா கழட்டிப் போடுங்க.

கடல் பக்கம் என்றீங்க. மைக்ரோ எச்டிஎம்ஐ பிளக்கின் வாய்க்குள்ள டோர்ச் அடிச்சுப் பாருங்க. பல்லுப் பல்லா இருக்கிற கம்பியில பச்சை பூத்திருந்தா, ஐசோப்ரொபைல் அல்கஹோல் நனைச்ச மெல்லிய பிரஷ்ஷால தேய்ச்சு, நல்லாக் காய்ஞ்ச பிறகு போடுங்க.

தீராச் சந்தேகம்:
இவ்வளவு கரைச்சல் எதுக்கு? லிப்ரீலெக்குக்குப் பதிலா லினியேஜ் அண்ட்ரொய்ட் ரீவி ஓஎஸ்ஸைப் போட்டால் நெட்பிளிக்ஸும் வரும் தானே.

கோடெக் குருவி:
வராது, வந்தாலும் எச்டி இல்லை. பையில் வைட்வைன் (படத் திருட்டைத் தடுக்கிற பூட்டு) எல்3 மட்டும்தான், எச்டிக்கு எல்1 வேணும். வோல்ட் விழுகிற பையில் எந்த ஓஎஸ் போட்டாலும் விழும்.

கல்யாண வீடியோவுக்கு வருவம். எச்.265, எச்.264 ரெண்டும் வீடியோவைச் சுருக்கிற முறைகள். பை 4இல் எச்.265க்கு 4கே 60 ஃபிரேம் வரை ஹார்ட்வெயர் டிகோடர் (சுருக்கினதை விரிக்கிற தனிச் சுற்று) இருக்கு. எச்.264க்கு 1080பி மட்டும். உங்கட படம் எச்.265, வீடியோக்காரர் தந்தது அநேகமாக எச்.264. அதில 4கே என்றால் சிபியூ மூச்சு வாங்கும். ஒரு கீபோர்ட் செருகி, வீடியோ ஓடும்போது ஆங்கில ஓ (O) எழுத்தை அமத்துங்கோ. டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ என்றால் ஹார்ட்வெயர், எஸ்டபிள்யூ என்றால் சொஃப்ட்வெயர்.

எஸ்டபிள்யூ வந்தால் கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளால் 1080பி எச்.264 ஆக மாற்றுங்கோ, தர அளவு ஆர்எஃப் 20 போதும். 4கே தான் வேணும் என்றால் எச்.265. ஆனால் கமரா 4:2:2 என்ற நிற முறையில் பதிஞ்சிருந்தால் 4:2:0க்கு இறக்குங்கோ, பையின் டிகோடருக்கு 4:2:2 தெரியாது. பையிலேயே மாற்ற வெளிக்கிடாதீங்கோ, விடிஞ்சிடும். பை 5 வாங்கலாமா என்று கேட்கப் போறீங்கள்: அதில் எச்.264 டிகோடரே இல்லை, எல்லாம் சிபியூ தலையில்.

உப்புவெளிக்காரன்:
5.1 வோல்ட் சப்ளையும் ஹப்பும் போட்டாச்சு, டிஸ்கோட படம் ஓடும்போதும் எண் 0. எச்டிஎம்ஐ 1இல் கிடந்தது, 0க்கு மாத்தினதும் ரிமோட் சரி. கல்யாண வீடியோவில் எஸ்டபிள்யூ தான் காட்டுது, மாத்துறன். இப்ப ரெண்டு புதுசு: மெனு மந்தமா நகருது. கரண்ட் கட் ஆகி வந்தபிறகு டிஸ்க் ஒருக்கா தெரியவேயில்லை.

கோடெக் குருவி:
மெனுவை 4கேயில் ஓட்டுறீங்கள் போல. சிஸ்டம், டிஸ்பிளேயில் ரெசொலூஷனை 1920 x 1080 ஆக்குங்கோ. செற்றிங்ஸ் நிலையை எக்ஸ்பேர்ட் ஆக்கினால் அங்கேயே வைட்லிஸ்ட் (ரீவி மாறக்கூடிய ரெசொலூஷன்களின் பட்டியல்) தெரியும். 1080க்கு 23.976, 24, 25, 50, 59.94, 60 எல்லாம் தெரிவு செய்யுங்கோ. 2160க்கு 30 வரை போதும். பிறகு பிளேயர், வீடியோஸில் அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரிஃப்ரெஷ் ரேட்டை ஸ்டார்ட்/ஸ்டொப் ஆக வையுங்கோ. மெனு 1080இல் பறக்கும், 4கே படம் தொடங்கினதும் ரீவி தானா 4கேக்கு மாறும். மாறும்போது ஒரு நொடி திரை கறுக்கும், அது பழுது இல்லை.

கின்னியா நானா:
டிஸ்க் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபோர்மட்) தானே? கரண்ட் போகும்போது சரியா மூடுப்படாட்டி அதில ஒரு அழுக்குக் குறி விழும். லினக்ஸ் அதைப் பார்த்து மவுண்ட் பண்ண (டிஸ்கைத் திறக்க) மறுக்கும். விண்டோஸ் கணினியில செருகி, டிஸ்கின் ப்ரொப்பர்டீஸ், டூல்ஸில எரர் செக்கிங் ஓட்டினா தெளிஞ்சிடும். மறுபடி நடக்காம இருக்க பை, ஹப் அடப்டர் ரெண்டையும் சின்ன யூபிஎஸ்ஸில போடுங்க. ஒன்றை மட்டும் போட்டுப் பிரயோசனமில்லை.

எஸ்டி கார்ட்டும் இதே மாதிரி கெட்டுப் போகும். லிப்ரீலெக் செற்றிங்ஸ், சிஸ்டத்தில பேக்கப் எடுங்க. அது அதே கார்ட்டிலதான் சேமிக்கும், கையோட கணினிக்கு மாத்தி வையுங்க.

பழுதுமேசை:
இன்னொன்று. சூடான கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில், மூடின ரீவி அலுமாரிக்குள்ளே பிளாஸ்டிக் பெட்டியில் பையை வைக்காதீங்கோ. 80 பாகையில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், 85இல் நல்லா அமுக்கும். காத்தாடி இல்லாத அலுமினியப் பெட்டி போதும், சிப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் தேர்மல் பாட் (சூட்டைக் கடத்துற மெத்தை) முழுசா ஒட்டியிருக்கோ என்று பாருங்கோ. உலோகப் பெட்டிக்குள்ளே வைஃபை கொஞ்சம் மங்கும், ஏலுமென்றால் லேன் வயர் இழுங்கோ.

உப்புவெளிக்காரன்:
ரெண்டும் சரி. தமிழ் சப்டைட்டில் மட்டும் கட்டம் கட்டமா வருது.

கோடெக் குருவி:
ஃபொன்ட் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் டிடிஎஃப் கோப்பை வின்எஸ்சிபி என்ற கோப்பு அனுப்பும் மென்பொருளால் ஸ்டோரேஜுக்குள்ளே புள்ளியோடு தொடங்கும் கோடி (.kodi, லிப்ரீலெக்கின் பிளேயர்) ஃபோல்டரில் மீடியா, ஃபொன்ட்ஸ் என்ற இடத்தில் போடுங்கோ. மறைந்த ஃபோல்டர் அது, காட்டச் சொல்ல வேணும். ரீஸ்டார்ட் பண்ணி, பிளேயர், சப்டைட்டில்ஸில் அந்த ஃபொன்ட்டைத் தெரிவு செய்யுங்கோ. அதுக்குப் பிறகும் கிறுக்கலா வந்தால் எஸ்ஆர்டி கோப்பு யூடிஎஃப்-8 இல்லை, நோட்பேட்டில் திறந்து அப்படிச் சேமியுங்கோ. நோட்பேட்டிலேயே கிறுக்கலாக இருந்தால் அது பழைய பாமினி மாதிரி எழுத்துரு, யுனிகோட்டுக்கு மாற்றினால்தான் சரிவரும்.