கை மட்டும் மறையாத மாயாவி

மாமாவின் றங்குப் பெட்டிக்குள் கிடந்த பழைய முத்து காமிக்ஸ்தான் நான் முதலில் வாசித்த காமிக்ஸ். இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் அப்படியே மறைந்துவிடுவார். அந்த இரும்புக் கை மட்டும் மறையாது, அந்தரத்தில் மிதந்து வரும். முழுதாக மறையத் தெரியாதவர் என்ன மாயாவி என்று எட்டு வயதில் சிரித்திருக்கிறேன்.

2007 இல், யுத்தம் நடந்த காலத்தில், கொழும்பில் வேலை கிடைத்தது. திருகோணமலையில் இரவு பஸ் ஏறினால் கந்தளாய், ஹபரணை என்று போகும். வெளிக்கிடும்போது அம்மா சேலைத் தலைப்பால் என் நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டார். மீசையையும் எடுத்திருந்தேன். சிங்களமும் ஓரளவு நன்றாக வரும். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். எனக்கு முன்னால் நின்றவரின் அடையாள அட்டையில் சிங்களம் மட்டும். என் அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது. வடக்கு கிழக்கில் எடுத்த அட்டைகள் அப்போது அப்படித்தான். ரோர்ச் வெளிச்சம் அந்தத் தமிழ் எழுத்தில் நின்றது. நான் வாயே திறக்கவில்லை. "அந்தப் பக்கம் நில்லுங்க."

மாயாவியின் கை ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

கொழும்பில் கூட வேலை செய்த ஒருவர் எக்ஸ்-மென் புத்தகங்கள் தந்தார். விசித்திர சக்திகளோடு பிறந்ததற்காகவே சனம் பயந்து ஒதுக்கும் ஆட்களின் அமெரிக்க காமிக்ஸ். 1963 இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கியது. எனக்குப் பிடித்தது 1975 இல் வந்து சேர்ந்த நைட்கிராலர்: நீலத் தோல், வால், பார்த்தாலே ஊர் அலறும். உருவத்தை மாற்றிக் காட்டும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, எரோல் ஃபிளின் என்ற பழைய நடிகரின் முகத்தோடு தெருவில் திரிவார். அப்புறம் ஒரு கட்டத்தில் அதை விட்டுவிட்டு நீல முகத்தோடேயே வெளியே போவார். துணிச்சல்தான். அவரால் நினைத்த இடத்திலிருந்து சட்டென்று மறைந்து இன்னோரிடத்தில் போய் நிற்கவும் முடியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

லீவில் வந்தபோது கிண்ணியாவிலிருந்து பள்ளித் தோழன் வந்தான். பாலம் திறக்க முந்திய காலம், பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறித்தான் வரவேண்டும். விறாந்தையில் இருந்து இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, நாங்களும் எக்ஸ்-மென் மாதிரித்தான் என்றேன்.

"மச்சான், அந்தக் கதையில ஒருத்தனுக்குக் கண்ணால கதிர் வருது. சனம் பயப்படுறதுல ஒரு ஞாயம் இருக்கு. உன்ட கண்ணால என்ன வருது?"

"தூசி விழுந்தா தண்ணி வரும்."

எனக்கும் அந்த உவமையில் இடித்த இடம் அதுதான். ஆபத்தானவனைப் பார்த்துப் பயப்படுவது வேறு, அட்டையில் இருக்கும் எழுத்தைப் பார்த்துப் பயப்படுவது வேறு.

அம்மா தேத்தண்ணியோடு வந்தார். அவன் எழுந்து வாங்கி, ஊர்ப் புதினம் கேட்டு, நாலு வார்த்தை கதைத்தான். அம்மாவுக்குச் சந்தோஷம். உள்ளே போகும்போது என்னிடம் சொன்னார்:

"தம்பி எவ்வளவு நல்லாத் தமிழ் கதைக்கிறார், என்ன?"

அவன் முஸ்லிம். வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான். எனக்குக் காது சுட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை அந்தரத்தில் தூக்கி, விரல்களை மெல்ல ஆட்டிக் காட்டினான்.