ஜோ மீக் ஆல்பத்தின் விரிவான பதிப்பு யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. 1960 வாக்கில் லண்டனில் இங்கிலாந்து இசைத் தயாரிப்பாளர் ஜோ மீக் உருவாக்கிய 'ஐ ஹியர் எ நியூ வேர்ல்ட்' ஆல்பத்தின் விரிவான மறுவெளியீட்டை வாங்க நினைக்கிறேன். என்னிடம் இருக்கும் பழைய சிடியில் கீறல் விழுந்து, இரண்டாவது பாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது.

நிலாவில் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்த ஆல்பம் இது. பால் பாட்டிலைக் கரண்டியால் தட்டியும், தண்ணீருக்குள் ஸ்ட்ரா வைத்து ஊதியும் நிலாவுக்கென்று ஒரு சத்தத்தையே உண்டாக்கினார் மனுஷன்! அவர் உயிரோடு இருந்தபோது இந்த ஆல்பத்திலிருந்து நான்கு பாட்டுகள்தான் வெளிவந்தன. முழு ஆல்பமும் வந்தது 1991-இல், அவர் இறந்து 24 வருடம் கழித்து.

ஸ்டீரியோ என்றால் என்னவென்று காட்டவே செய்த ஆல்பம் இது. அதனால்தான் கேட்கிறேன்: இடது, வலது பிரிவு அப்படியே இருக்கிறதா? இரைச்சலை நீக்கப் போய் ஒலியை மழுங்கடித்துவிட்டார்களா? அப்புறம், கூடுதல் பாட்டுகள் எப்படி? ஹெட்போனில் கேட்டவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.