முன் டயரின் ஓரத்தில் ஏறிய திருகாணி: ஒட்டினால் போதுமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி – கொங்குப் பயணி

வணக்கம். எங்கள் காரின் இடப்பக்க முன் டயரில் திருகாணி ஒன்று ஏறிவிட்டது. 185/65 ஆர் 15 அளவுள்ள டியூப்லெஸ் டயர். மூன்று ஆண்டுகள் ஆகின்றன, 30,000 கி.மீ. அளவுக்கு ஓடியிருக்கிறது, பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகள்) பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. காற்று இறங்கிய நிலையில் அவிநாசி சாலையில் சிறிது தூரம் ஓடிய பிறகே, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுப்பதைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். அருகிலிருந்த பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றாமல் வெளியிலிருந்தே ஸ்ட்ரிப் (துளைக்குள் திணிக்கும் ரப்பர் திரி) ஏற்றிக் கொடுத்தார்கள். இப்போது காற்று நிற்கிறது. ஆனால் துளை நடுவில் இல்லை. தரையில் படும் பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்குகிற வளைவில் இருக்கிறது.

வேறொரு டயர் கடையில் காட்டியபோது, இதை மாற்றியே ஆக வேண்டும், அதுவும் இரண்டாகத்தான் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இது வியாபாரப் பேச்சா, உண்மையா என்று விளங்கவில்லை. ஸ்டெப்னி அதே அளவுடையது, இதுவரை தரையில் ஓடாதது. அடுத்த வாரம் குடும்பத்துடன் கோவையிலிருந்து சென்னைக்குச் செல்ல வேண்டியிருப்பதால் விவரம் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்கிறேன்.

பதில் 1 – பட்டறைக்காரன்

மாற்ற வேண்டும் என்பது உண்மைதான். இரண்டாக மாற்ற வேண்டும் என்பதைப் பிறகு பேசலாம்.

ரேடியல் டயரில் தரையில் படும் பகுதிக்குக் கீழே இரும்புக் கம்பிப் பட்டைகள் ஓடுகின்றன. அவை அந்தப் பகுதியை விறைப்பாக வைத்திருப்பதால், அங்கே விழும் 6 மி.மீ. வரையிலான துளையை முறையாக அடைத்துவிட்டால் டயரின் ஆயுள் முழுவதும் ஓட்டலாம். பக்கச்சுவரில் அந்தப் பட்டைகள் இல்லை. ரப்பரும் நூலிழை அடுக்கும் மட்டுமே வண்டியின் எடையைத் தாங்குகின்றன. 100 கி.மீ. வேகத்தில் உங்கள் அளவு டயர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 850 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஓரம் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. அப்படி ஓயாமல் அசையும் இடத்தில் எந்த ஒட்டும் நெடுநாள் பிடித்து நிற்காது.

முறையாக அடைப்பது என்றால், டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காளான் வடிவப் பேட்சை உள்ளிருந்து வெளியே இழுத்து ஒட்டுவதாகும். அதன் தண்டு துளையை நிரப்பும், தலை உட்புறப் படலத்தை மூடும். வெளியிலிருந்து ஏற்றும் ஸ்ட்ரிப், கடை வரை வந்து சேர்வதற்கான ஏற்பாடு மட்டுமே.

பதில் 2 – நெடுஞ்சாலை நண்பன்

பட்டறைக்காரர் சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் நடைமுறையையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஓடும் டாக்சிகளில் பாதிக்கு மேல் ஸ்ட்ரிப் ஏற்றிய டயர்களில்தான் ஓடுகின்றன என்று தோன்றுகிறது. என் வண்டியிலும் நடுப்பகுதியில் ஏற்றிய ஸ்ட்ரிப், பட்டன் தேய்ந்து மொட்டையாகும் வரை உழைத்திருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் உள்ளே டியூப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சில கடைக்காரர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அதைச் செய்யலாமா?

பதில் 3 – பட்டறைக்காரன்

நடுப்பகுதியில் ஸ்ட்ரிப் உழைப்பதை நானும் பார்த்திருக்கிறேன். இந்தத் துளை நடுவில் இல்லை என்பதுதான் இங்கே விஷயம். மேலும், ஸ்ட்ரிப் ஏற்றும்போது டயரின் உட்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. காற்றிறங்கிய டயரில் வண்டி ஓடினால் பக்கச்சுவர் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே நசுங்கிச் சூடேறி, உள்ளே சுற்றிலும் அரைபட்டுப்போகும். கழற்றிப் பார்த்தால் கருப்பு ரப்பர் துகள் கொட்டும், சுவரில் வளையம்போல் ஒரு தடம் தெரியும். வெளியே பளபளவென்று இருக்கும். அத்தகைய டயரில் துளை நடுவிலேயே இருந்தாலும் ஒட்டக் கூடாது.

டியூப் யோசனை வேண்டாம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்ல மெல்ல இறங்கும். டியூப் போட்டால் சட்டென்று இறங்கும். டியூப்லெஸ் வாங்கியதன் பயனே போய்விடும். டியூப் உராய்ந்து சூடேறுவதும் உண்டு. அடிபட்ட சுவரை டியூப் எந்த வகையிலும் தாங்காது.

பதில் 4 – இயந்திரவியல் மாணவன்

இரண்டு டயர் வாங்கச் சொல்வதற்குக் காரணம், ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்தவையாக, ஒரே வகையினவாக இருக்க வேண்டும் என்பதே. ஆனால் உங்களிடம் ஓடாத ஸ்டெப்னி இருக்கிறது. அதே நிறுவனத்தின் அதே பட்டன் அமைப்பில் ஒரு டயர் மட்டும் வாங்கி, அதையும் ஸ்டெப்னியையும் ஜோடியாகப் பின்னால் போடுங்கள். பின்னால் இருக்கும் இரண்டையும் முன்னால் கொண்டுவாருங்கள். வலப்பக்க முன் டயரை ஸ்டெப்னியாக வையுங்கள். வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று.

எஞ்சின் இழுப்பது முன்சக்கரத்தை என்பதால் புதியதை முன்னால் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மழை நீர் தேங்கிய சாலையில் முன்சக்கரம் பிடிப்பை இழந்தால் வண்டி நேராகச் சறுக்கும், வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின்சக்கரம் இழந்தால் வண்டியே சுழன்றுவிடும். ஆகவே நல்ல டயர்கள் பின்னால் இருக்க வேண்டும்.

ஓடாத ஸ்டெப்னிக்கும் வயதாகும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வெடிப்புகள் இல்லையென்றால் மூன்று ஆண்டு பெரிதல்ல. முன்னால் வரப்போகும் டயர்களின் பட்டனையும் அளந்துகொள்ளுங்கள், சட்டப்படி 1.6 மி.மீ. குறைந்தபட்சம் என்றாலும், மழைக்கு 3 மி.மீ. ஆவது இருப்பது நல்லது.

பதில் 5 – கொங்குப் பயணி

மூவருக்கும் நன்றி. இன்று டயரைக் கழற்றிப் பார்த்தோம். பட்டறைக்காரர் சொன்னதுபோலவே உள்ளே கருந்துகள் கொட்டியது, சுவரில் தடமும் இருந்தது. ஒரு டயர் மட்டும் வாங்குவதென முடிவு செய்துள்ளோம். எங்கள் ஸ்டெப்னி இரும்பு ரிம்மில் இருக்கிறது, மற்றவை அலாய். இதில் ஏதேனும் சிக்கல் உண்டா?

பதில் 6 – பட்டறைக்காரன்

சிக்கல் இல்லை. ஸ்டெப்னி டயரைக் கழற்றி அலாயில் ஏற்றச் சொல்லுங்கள். வால்வையும் புதிதாக மாற்றி, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்படுத்துவது) செய்துகொள்ளுங்கள். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் இடம் வலம் மாறாமல் பார்க்க வேண்டும். இரும்பு ரிம்முக்கும் அலாய்க்கும் சில வண்டிகளில் நட்டு வேறுபடும். அப்படியிருந்தால் இரும்பு ரிம்முக்குரிய நட்டுகளை வண்டியிலேயே வைத்திருங்கள். 100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு, டயர் குளிர்ந்திருக்கும் காலையில் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றுப் பிடியுங்கள். குடும்பத்துடனும் சுமையுடனும் செல்வதால், முழுச் சுமைக்கென்று அதில் தனியாகக் குறித்திருக்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.