மறு: நாய்க்குக் 'கிரேட்' பயிற்சி – 'தனிவளைப் பழக்கம்' எனலாமா?

வணக்கம். நாய் தன் கம்பிப் பெட்டிக்குள் ('கிரேட்') தானாகவே போய் அமைதியாக இருக்கப் பழக்குவதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற இழைக்கு என் பதில் இது.

> கூண்டுப் பயிற்சி என்றாலே எல்லோருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. எங்கள் சிப்பிப்பாறை இன நாய்க்கு ஆறு மாதமாக இதைப் பழக்கி வருகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பாவம், எதுக்குக் கூண்டுல அடைச்சு வெச்சிருக்கீங்க?" கதவு திறந்துதான் கிடக்கும். அது பாட்டுக்கு உள்ளே போய், பழைய போர்வையைக் காலால் பறண்டி, மூன்று சுற்று சுற்றிப் படுத்து, மூக்கை மட்டும் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்கும். கிளிக்கூண்டு, புலிக்கூண்டு, நீதிமன்றக் கூண்டு என்று நாம் அந்தச் சொல்லைப் புழங்குகிற இடமெல்லாம் தானாக வெளியே வர முடியாதவர்களுக்கான இடம். கூண்டு என்று சொல்லிப் பழகியவர், செருப்பைக் கடித்தால் நாயை உள்ளே தள்ளிப் பூட்டிவிடுகிறார். அதுவரை பழக்கியதெல்லாம் அன்றோடு போச்சு.

இழையில் வந்த மற்ற சொற்களையும் பார்த்தேன். பட்டி என்பது ஆடுமாடுகளைக் கூட்டமாக அடைப்பது, மலையாளத்திலோ பட்டி என்றால் நாயேதான். நாய்ப்பெட்டி ஏற்கெனவே ரயிலில் கார்டு பெட்டியோடு இருப்பதன் பெயர். கூடு எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் பழக்கத்தோடு சேர்ந்ததும் 'கூட்டுப் பழக்கம்' ஆகி நாலு பேர் சேர்ந்து செய்கிற ஏதோ ஒன்றாகிவிடுகிறது. அளையை முன்வைத்தவர் புறநானூற்று 86ஆம் பாட்டின் கல்லளையைக் காட்டியிருந்தார், புலி தங்கிவிட்டுப் போன குகை, பொருள் அவ்வளவு கச்சிதம். ஆனாலும் இன்று அளை என்றால் சோற்றில் கைவிட்டு அளைவதுதான் என் அம்மாவுக்கு நினைவுக்கு வரும்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்கிறோமே, அதிலிருந்தே 'தனிவளை' என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வெறும் வளை என்றால் வளையலா, வளைப்பதா என்று குழப்பம் வரும், 'தனி' முன்னால் நின்றால் அது தீர்ந்துவிடுகிறது. தனக்கே தனக்கென்று ஓர் இடம் என்ற எண்ணமும் பழமொழியோடு கூடவே வந்துவிடும்.

அடுத்தது, உள்ளே போய்ச் சாப்பிடவும் படுக்கவும் பழகிய நாய்க்கு மேற்கொண்டு என்ன பழக்குவது என்பது. இங்கேதான் சொற்கள் அதிகம் தேவை. கூட்ட வேண்டியவை மூன்று: கதவு சாத்தியிருக்கும் நேரம், நாம் விலகிப் போகும் தூரம், அப்புறம் அதன் கவனத்தை இழுக்கிறவை. மூன்றாவதற்குக் 'கவனச்சிதறல் காரணி' என்று யாரோ எழுதியிருந்தார்கள். பராக்கு என்று நம்மிடமே சொல் இருக்கிறதே! நேரம், தூரம், பராக்கு, இது போதும். ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் குறைக்க வேண்டும்: குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் பழக்கினால் பக்கத்திலேயே உட்கார்ந்து, அரை நிமிடத்தில் திறந்துவிட வேண்டும். நேரத்தையும் ஏறுமுகமாகவே கொண்டுபோகக் கூடாது. ஐந்து நிமிடம், இரண்டு, எட்டு, மூன்று என்று ஏற்றி இறக்கினால்தான் ஒவ்வொரு முறையும் போன முறையைவிடக் கஷ்டம் என்று அது நினைக்காது.

கதவு திறந்ததும் பாய்ந்து வராமல், நாம் சொன்ன பிறகு வருவதற்கான சொல்லுக்கு 'விடுசொல்'. எங்கள் வீட்டில் அது "வாடா". கதவை நாலு விரல் அளவு திறப்பேன், எழுந்தால் மெல்லச் சாத்துவேன், உட்கார்ந்தால் மறுபடி திறப்பேன். மூன்றாம் நாளே முழுக்கத் திறந்த கதவுக்கு முன்னால் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தது. சாவியை எடுப்பது, செருப்பு போடுவது போன்றவை நாம் கிளம்புவதைக் காட்டிக்கொடுப்பதால் அவற்றைக் 'கிளம்பு குறி' எனலாம். கிளம்பாத நேரத்திலும் சாவியை எடுத்து எடுத்து வைத்தால் அந்தச் சத்தத்துக்கே பதறுவது நின்றுவிடும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லிலேயே காட்டியாக வேண்டும். சிணுங்கல் வேறு, பரிதவிப்பு வேறு. சிணுங்கினால் ஒரு நொடி அடங்கும்வரை பொறுத்திருந்து திறக்கலாம். எச்சில் ஒழுக, மூச்சிரைக்க, கம்பியைக் கடித்துப் பல்லும் நகமும் உடைகிற அளவுக்குப் போனால் அது பரிதவிப்பு, உடனே திறந்துவிட வேண்டும். அழுதழுது பழகிவிடும் என்று விடுவது கொடுமை. தனிமையே தாங்காத நாய்க்கு இந்தப் பயிற்சி மருந்தும் ஆகாது. வளர்ந்த நாயையும் பகலில் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக அடைத்து வைக்கக் கூடாது.

எங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர், தீபாவளி வெடிச் சத்தத்துக்கு முன்னால் தன் மருத்துவமனையில் ஒட்ட ஒரு பக்கக் குறிப்பு கேட்டிருக்கிறார். அதில் தனிவளை என்றே எழுதலாம் என்றிருக்கிறேன். பரிதவிப்பைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.