மொட்டை மாடியில் கரண்ட் எடுக்கும் காற்றாடியை இ.பி. லைனில் சேர்க்கப் போன அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

உசிலைக்காற்று:
ஒரு கிலோவாட் காற்றாடி, அதன் கரண்டை லைனோடு சேர்க்கிற கிரிட் இன்வெர்ட்டர், வழக்கமான செட்தான். பக்கத்துப் போஸ்டில் வேலைக்கு வந்த லைன்மேன் அண்ணன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஏணியில் கால் வைத்தார். அண்ணாந்தால் ஆடிக் காற்றில் இறக்கை விர்ரென்று சுற்றுகிறது. "தம்பி, உங்க வீட்டுல இருந்து லைனுக்கு கரண்ட் ஏறுமா?" லைன் செத்தால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும் என்றேன். "நின்னுருச்சுன்னு எனக்கு யாரு சொல்றது?" வீட்டுக்குள் வந்து மெயினைத் தன் கையால் இறக்கிய பிறகுதான் ஏறினார். அந்தக் கேள்வி இன்னும் காதிலேயே இருக்கிறது.

திருமங்கலம் மாடி:
கரண்ட் போனால் சோலார் சும்மா கிடக்கும், காற்றாடி கிடக்காது. இழுக்க லோடு இல்லையென்றால் வேகம் தறிகெட்டு ஏறும். ஒரு ராத்திரி கரண்ட் கட்டில் அது போட்ட சத்தத்துக்கு எதிர் வீட்டு மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். மிஞ்சும் கரண்டை இழுத்துச் சூடாகத் தீர்க்கிற டம்ப் லோடு தனியாக வாங்க வேண்டும் என்று விற்றவர் மூச்சே விடவில்லை.

அரசரடி ரிட்டயர்டு:
உசிலைத் தம்பி, லைனுக்குப் போகிற யூனிட்டையும் வருகிற யூனிட்டையும் தனித்தனியாகக் கணக்கிடுகிற நெட் மீட்டர் வந்ததா? வராமல் லைனில் சேர்த்திருந்தால் முறையில்லை. வெளியே போகிற யூனிட்டையும் செலவுக் கணக்கில் ஏற்றுகிற மீட்டர்கள் உண்டு, பில் கூடத்தான் செய்யும். என் அனுபவம் சின்னது: சமயநல்லூரில் அக்கா மகன் விண்ணப்பம் போட உட்கார்ந்து, 'பேனல் எத்தனை வாட்' என்ற இடத்தோடு எழுந்துவிட்டான், காற்றாடிக்கு ஏது பேனல். ஆபீசைத் திட்டிப் பலனில்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 விதிமுறையே சோலாருக்குத்தான். 2024இல் வந்த பி.எம். சூரிய கர் மானியமும், 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000, சோலாருக்கே. லைன் செத்தால் உடனே பிரிய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2013 இணைப்பு விதி. அது எல்லாச் சிறு உற்பத்திக்கும் பொது. அப்புறம், வாங்குமுன் மாடியில் காற்றை அளந்து பாருங்கள். வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். பெரிய காற்றாலைகள் நிற்கிற முப்பந்தலில் கணவாய் காற்றைக் குவித்துத் தருகிறது. மதுரை மாடியில் சுற்றிலும் தண்ணீர்த் தொட்டியும் வேப்பமரமும்தான். கயத்தாறு காற்றாடிச் சோதனை நிலையத்தில் சோதித்த சான்றிதழ் இருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.

உசிலைக்காற்று:
ஐயா, அன்றைக்கு டெஸ்ட் ஓட்டம்தான். அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். பாடம் நடத்தச் சொல்லி நான் கேட்கவில்லையே.

மேலூர் தோட்டம்:
நான் பேட்டரியோடு நிறுத்திக்கொண்டேன், கொட்டகை விளக்குக்கு மட்டும். லைனில் சேராததால் நெட் மீட்டர் பேச்சே இல்லை. ஐப்பசியில் காற்று படுத்துவிட்டால் அதே பேட்டரிக்கு இ.பி.யில்தான் சார்ஜ் ஏற்றுகிறேன், அது வேறு விஷயம். திருமங்கலம் அண்ணே, டம்ப் லோடு டவுன்ஹால் ரோட்டில் கிடைக்குமா?