'அய்ல்' என்பதற்கு இடைநாழி வேண்டாம், பத்தி சரியாக வரும்

நாகர்கோவில் ஹோம் சர்ச் பற்றி எழுத உட்கார்ந்தேன். 1809இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் ஆலயம் கட்டியது, 1818இல் வந்த மிஷனரி மீட் லண்டன் மிஷனின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றியது, 1819 ஜனவரி 1 அன்று ரிச்சர்ட் நில் அடிக்கல் வைத்தது, இதெல்லாம் தடங்கலில்லாமல் வந்துவிட்டது. தேவாலயக் கட்டட அமைப்பைப் பொதுவாக விளக்கப் போனபோதுதான் 'அய்ல்' (aisle) என்ற ஆங்கிலச் சொல் வழிமறித்தது: அதற்குத் தமிழில் என்ன எழுதுவது?

அதற்குச் சிலர் சொல்லும் 'இடைநாழி' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கோயில் கட்டடக்கலையில் அது ஏற்கெனவே கருவறைக்கும் அர்த்த மண்டபத்துக்கும் இடையே உள்ள இடத்தைக் குறிக்கிறது. சுசீந்திரம் கோயிலையும் ஹோம் சர்ச்சையும் ஒரே கட்டுரையில் எழுதுபவர் திண்டாடிப் போவார்.

அப்புறம், அந்த ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே இரண்டு பொருள் இருக்கிறது. பெஞ்சுகளுக்கு நடுவே மணப்பெண் நடந்து வரும் வழியையும் அப்படித்தான் சொல்கிறோம், கட்டடக்கலையிலோ அது தூண் வரிசைக்கு அப்பால் ஓரமாக நீளவாக்கில் போகும் பகுதி. மணப்பெண் நடப்பது 'நேவ்' (nave) என்கிற நடுப்பகுதியில். ஆக, நடக்கும் வழிக்கு நடைவழி போதும், அதில் தகராறே இல்லை.

ஓரப் பகுதிக்கு 'பக்கப்பத்தி', நேவுக்கு 'நடுப்பத்தி' என்று வைக்கலாம். பத்தி என்றாலே வரிசைதான். செய்தித்தாள் நினைவு வருமே என்றால், வரட்டும், அது நமக்கு உதவிதான்: பக்கத்தை மேலிருந்து கீழாகப் பிரிப்பது போலத்தான் தூண் வரிசைகள் ஆலயத்தை வாசலிலிருந்து பீடம் வரை பிரிக்கின்றன. 1820லேயே மீட் அச்சகம் தொடங்கிய ஊரில் இந்த ஒப்புமை அந்நியமாகத் தெரியாது. 'நேவ்' என்ற சொல்லின் மூலத்துக்கு லத்தீனில் கப்பல் என்று பொருள் வருவதால் அதற்கு 'நாவாய்' என்று வைக்கலாம் என்று சிலர் சொல்வது அழகுதான், ஆனால் அந்த லத்தீன் கதை தெரியாதவருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. நடுப்பத்தியைக் கேட்டவுடனே எந்த இடம் என்று கை காட்டிவிடலாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சில ஆலயங்களில் நடுப்பத்தி உயர்ந்து, பக்கப்பத்திகளின் கூரைக்கு மேலே வெளிச்சத்துக்காக ஒரு ஜன்னல் வரிசை வருமே, அதற்கு 'மேற்சாளரம்' என்று எழுதியிருக்கிறேன். சாளரம் வேண்டுமா, 'மேல்ஜன்னல்' என்றே விட்டுவிடலாமா?