நடு இரவில் அலறும் குழந்தை: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

ஈரோடு அம்மா:
எட்டு மாதமாகியும் மனத்தை விட்டுப் போகவில்லை. மகனுக்கு நான்கு வயது. பள்ளியில் சேர்த்த வாரம், மதியத் தூக்கம் நின்றுபோயிருந்தது. ஒன்பது மணிக்குத் தூங்கியவன் பத்தரைக்கு எழுந்து உட்கார்ந்து அலறினான். கண் நன்றாகத் திறந்திருக்கிறது, உடம்பெல்லாம் வியர்வை. வாரி அணைத்தேன். என் கழுத்தில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே "அம்மா வேண்டும், அம்மா வேண்டும்" என்று கத்தினான். "நான்தான்டா அம்மா" என்கிறேன், என்னைத் தாண்டி எங்கோ பார்க்கிறான். பத்து நிமிடத்தில் தானாகவே சாய்ந்து தூங்கிவிட்டான். காலையில் அவனுக்கு எதுவும் நினைவில்லை. மாமியார் விபூதி பூசினார். தர்காவில் மந்திரித்தும் வந்தோம்.

ஓர் அப்பா, ஓசூர்:
நான் மகளின் முகத்தில் தண்ணீர் தெளித்து உலுக்கி எழுப்பினேன். விழித்தாள். என்னைப் பார்த்துப் பயந்து அழுதாள். அதுவரை அழுதது வேறு, அந்த அழுகை வேறு. விவரம் தெரிந்தவர்கள் தாயத்தையும் மந்திரிப்பையும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

தென்காசி ஆச்சி:
தம்பி, தண்ணீர் தெளித்த நீங்கள் மந்திரிப்பைக் குறை சொல்ல வேண்டாம். என் பேரனும் இப்படித்தான் அலறுவான். மந்திரித்து வந்த இரவு மருமகள் நிம்மதியாகத் தூங்கினாள், வீடும் அடங்கியது. வசம்பை இழைத்து நாக்கில் தடவினாலும் குழந்தை நன்றாகத் தூங்கும்.

குழந்தைகள் வார்டு செவிலியர்:
ஆச்சி, வசம்பை வளையமாகக் கையில் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாயில் கொடுக்க வேண்டாம். என் மகளும் மூன்று வயதில் இப்படி அலறியிருக்கிறாள். இது கெட்ட கனவு அன்று. கனவு கண்ட குழந்தை விழித்துக்கொள்ளும், கண்டதைச் சொல்லும், விடியற்காலையில்தான் அதிகம் வரும். இந்த அலறல் தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில், ஆழ்ந்த தூக்கத்தில் வருவது. உடம்பு பாதி விழித்திருக்கும், மூளை தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் அம்மாவைத் தெரிவதில்லை. எழுப்பாதீர்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள். விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தூக்கக் குறைவும் காய்ச்சலும் இதைத் தூண்டும். மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். மதியத் தூக்கம் நின்றால் இரவில் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அலறினால், அதற்குக் கால் மணி நேரம் முன்பு லேசாகத் தட்டிப் புரண்டு படுக்க வையுங்கள், சில வாரங்கள் தொடர்ந்து செய்ய வேண்டும். குறட்டை இருந்தாலோ, கைகால் வெட்டி இழுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனால் அவருக்கு உதவும்.

ஈரோடு அம்மா:
நன்றி சகோதரி. எட்டு மணிக்கே படுக்க வைத்துப் பார்க்கிறேன். ஆனால் நான் கேட்க வந்தது வேறு. அந்தப் பத்து நிமிடம் தொடவும் கூடாது என்றால், நீங்களெல்லாம் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?

ஓர் அப்பா, ஓசூர்:
இரண்டாவது முறை வந்தபோது தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் உருண்டுவிடாமல் கட்டில் ஓரத்தில் ஒரு கையை மட்டும் வைத்திருந்தேன்.